மோட்டார் ஓடும்வரை

மோட்டார் அறைக் கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, அவித்த முட்டையை முழுசாக வாயில் திணித்தாள் சுலோசனா. வெடித்திருந்த வாயோரம் சுரீரென்று எரிந்தது. கண்ணில் நீர் கோத்தாலும் மெல்லுவதை நிறுத்தவில்லை.

ஜன்னல் கிடையாது, கிரீஸ் நாற்றம் வேறு. ஆனால் மோட்டார் இரைச்சலில் எதுவும் வெளியே கேட்காது. இந்த அறையின் சாவியும் அவளிடம் மட்டும்தான் இருந்தது.

கொஞ்ச நாளாகவே விரல் முட்டிகள் கறுத்துக்கொண்டு வந்தன. வெயிலில் கறுத்ததென்று எலுமிச்சம்பழம் தேய்த்தாள், கடலைமாவு தேய்த்தாள். தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"வெயில் இல்லம்மா, பி12 சத்து குறைஞ்சிருக்கு. அதான் விரல் கறுத்து, வாய் வெடிச்சிருக்கு" என்றார் ஆவடி டாக்டர். "ஊசி போடறேன். பாலும் ஒத்துக்காதுங்கறீங்க, முட்டையாவது சாப்பிடுங்க."

"முட்டையா?" யார் காதிலாவது விழுந்ததோ என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பயம் சும்மா வரவில்லை. அம்பத்தூரில் அவள் குடியிருந்த கட்டடத்தின் கேட்டில் 'சைவம் மட்டும்' என்று போர்டு தொங்கியது. மீன் வாசனை வந்ததென்று போன மாதம்தான் முதல் மாடி பொன்னியம்மாவைச் சட்டி பானையோடு வெளியேற்றியாயிற்று. அழுகிற பிள்ளையோடு அவள் லோடு ஆட்டோவில் ஏறியதைச் சுலோசனாவும் நின்று பார்த்தாள்.

இன்றைக்குக்கூட ஓ.டி. பஸ் ஸ்டாண்டு முட்டை வண்டிக்காரர், "இன்னாக்கா, மிளகு தூவட்டா?" என்று கேட்டதற்கு, "ஐயோ, வேணாம்பா, வாசனை வரும்" என்று பதறியிருந்தாள்.

கதவு படபடவென்று அதிர்ந்தது.

"உள்ள யாரு? தொட்டி ரொம்பி மாடியெல்லாம் தண்ணி ஓடுது! நிறுத்த ஆளில்லியா?"

இரண்டாம் மாடி காவ்யா. அவள் வாய்க்குத் தெருவே பயப்படும்.

மோட்டாரை நிறுத்தினாள் சுலோசனா. முட்டை ஓட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு கதவைத் திறந்தாள்.

காவ்யா அவள் உதட்டில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தாள். பிறகு மூடியிருந்த கையைப் பார்த்தாள்.

"மருந்துக்குத்தாம்மா... டாக்டர் சொன்னாரு. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"புள்ளைக்கு மீன் குடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னாருன்னுதான் பொன்னியம்மாவும் அழுதுச்சு. யாரு கேட்டாங்க?"

சுலோசனா உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க. இப்ப யாரு ஊட்டைக் காலி பண்றது, ஓனரம்மா?"