வாசலில் ஒரு நாற்காலி

வாசலில் ஒரு நாற்காலி போடலாமே என்று நர்ஸ் பூருல் அன்றைக்கும் கேட்டாள். மார்ச் மாதத்திலிருந்து இது ஒன்பதாவது தடவை.

முடியாது என்றார் டாக்டர் எசென்குல். அவருக்கும் ஒன்பதாவது தடவை.

காரணம் அவளுக்குத் தெரியும். நாரின் என்ற அந்த மலை ஊரில் யாரும் பூட்ஸோடு அடுத்தவர் அறைக்குள் கால் வைக்க மாட்டார்கள். உட்கார இடமில்லாமல் ஒருவன் நின்றபடியே பூட்ஸைக் கழற்றுவதைப் பார்த்தாலே, அவன் முதுகெலும்பில் எந்த இடத்தில் எந்த நரம்பு நசுங்குகிறது என்று டாக்டர் பாதி சொல்லிவிடுவார். மீதியை ஸ்கேன் படம் சொல்லும். வாய் சொல்வதை அவர் நம்புவதில்லை. வலிக்கிறது என்பவன் வேலைக்கு லீவு வேண்டி வந்திருப்பான். வலிக்கவில்லை என்பவன் குதிரை ஏற அனுமதி வேண்டி வந்திருப்பான்.

மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. எலும்பைத் துளைக்கும் கருவியைப் பரிசோதித்தோம், கோளாறு ஒன்றும் இல்லை என்று பழுது பார்க்கும் பிரிவு எழுதியிருந்தது. இரண்டாவது முறையாக. 'மறுபடி பார்க்கவும்' என்று அதன் மேலேயே எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

சாகின்பெக் வந்தான். குதிரை வியாபாரி, கோக்போரு என்ற குதிரை விளையாட்டில் ஊர் அணியின் தலைவன். தலையில்லாத ஆட்டை ஓடுகிற குதிரையிலிருந்து தொங்கியபடி தரையிலிருந்து அள்ளி எடுப்பவன். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். டாக்டர் கையெழுத்துப் போடாமல் களத்தில் விட மாட்டார்கள். கையில் ஒரு வட்ட ரொட்டி கொண்டுவந்திருந்தான்.

"வலியா, எனக்கா? அது போன மாசமே மூட்டையைக் கட்டிருச்சுண்ணே."

சொல்லிக்கொண்டே, சுவரில் இருந்த காலண்டரை ரசிப்பவன் போல அதன் மேல் ஒரு கையை ஊன்றி, ஒரு காலின் நுனியால் மறுகாலின் குதியை அழுத்தி, குனியாமலே பூட்ஸைக் கழற்றினான்.

டாக்டர் எழுந்து போய்ப் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார்.

"ஏறக்கூடாது தம்பி. இன்னொரு தடவை விழுந்தா, இடுப்புக்குக் கீழ இருக்கிறதை யாராவதுதான் தூக்கிட்டு வரணும்."

அவன் படத்தைப் பார்க்கவே இல்லை.

"அண்ணே, அந்தப் பலகை வரைக்கும் இன்னொரு வாட்டி நடங்க."

"எதுக்கு?"

"சும்மா நடங்களேன்."

ஏன் நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. நடந்தார்.

"வலது பாதம் தூக்க மாட்டேங்குது. செருப்பு மூக்கு தேஞ்சு கிடக்கு. வாசல்ல உங்க பூட்ஸையும் பார்த்தேன், கயிறே இல்ல, ரெண்டு சைஸ் பெருசு. சந்தையில இப்படி ஒரு குதிரையைக் காட்டினா, நான் பல்லைக்கூடப் பார்க்க மாட்டேன். உபதேசமெல்லாம் ஊருக்குத்தானாண்ணே?"

டாக்டருக்குக் கோபம் வந்தது. உண்மை என்பதால் வந்த கோபம். அதனால் சீக்கிரமே போய்விட்டது.

வீட்டில் அவர் பூட்ஸ் கழற்றுவதைப் பார்க்க ஆளில்லை. ஆபரேஷன் அறையையே கட்டிக்கொண்டிரு என்று சொல்லிவிட்டு மனைவி அல்மாத்திக்குப் போய் ஆறு வருடமாகிறது. அவரும் அப்படியே செய்தார்.

அந்த அறையில் துளைக்கும் கருவி ஓடுவது வலது கால் மிதியில். போன வாரம் காலைத் தூக்கிய பிறகும் கருவி அரை நொடி சுற்றியது. தூக்கியதாகத்தான் அவர் நினைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை பதினேழு வயதுப் பெண் ஒருத்தி அந்த மேசையில் குப்புறப் படுக்கப் போகிறாள்.

சாகின்பெக் ரொட்டியைப் பிய்த்தான். ஒரு துண்டை அவர் பக்கம் தள்ளினான்.

"ஞாயித்துக்கிழமை நான் ஏறல. ஏறினா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும். இப்ப உங்க முறை."

ரொட்டியைத் தொட்டுச் சொன்னால் சொன்னதுதான். அந்த ஊரில் பெண்டாட்டியிடம் சொன்ன சத்தியத்தை மீறியவன் உண்டு, ரொட்டியிடம் சொன்னதை மீறியவன் இல்லை.

அந்தப் பெண்ணைத் தலைநகர் பிஷ்கெக்குக்கு அனுப்பலாம். அங்கே அவரிடம் வேலை பழகியவன் ஒருவன் இருக்கிறான். நன்றாகவே செய்வான். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். ஆபரேஷன் அறையில் கழித்த இருபத்தாறு வருடத்தை மெல்ல அவ்வளவு நேரமாவது வேண்டாமா?

"அடிக்கட்டும்" என்றார், வாயில் ரொட்டியோடு.

சாகின்பெக் வந்தபோது செய்தது போலவே, குனியாமல், காலண்டரை ரசித்துப் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனான். அனுமதிச் சீட்டு மேசையிலேயே கிடந்தது. டாக்டர் கருவிக் கடிதத்தை எடுத்து, தான் எழுதியதை அடித்தார். பிஷ்கெக்குக்குப் போன் போட்டு அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். அடுத்த நோயாளியாகத் தன் பெயரையும் சொன்னார்.

பிறகு பூருலைக் கூப்பிட்டார்.

"சரி, அந்த நாற்காலியைப் போட்டுரு. பாவம், வர்றவங்க கஷ்டப்படுறாங்க."

வாங்க நாளாகும் என்று நினைத்தார். அவள் பக்கத்து அறைக்குப் போய் உடனே கொண்டுவந்தாள். உயரமான நாற்காலி, எழும்போது ஊன்றிக்கொள்ள இரண்டு பக்கமும் கை வைத்தது. அதன் மேல், குனியாமலே பூட்ஸுக்குள் காலை நுழைக்க, முழ நீளக் கைப்பிடியோடு ஒரு பூட்ஸ் கரண்டி.

நோயாளிகள் நிற்கும் இடத்தைத் தாண்டிக் கொண்டுபோய், டாக்டரின் கோட்டு தொங்கும் ஆணிக்குக் கீழே அதைப் போட்டாள்.

"அங்க எதுக்கு?"

"வர்றவங்களுக்குன்னு நான் எப்ப டாக்டர் கேட்டேன்?"