நெற்றித் துணி

தம்பியின் முகத்தை விட்டுவிட்டு, முடியைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாகக் கிடக்கும்போதும் என்ன முடி! தலையணை கொள்ளாமல் வழிந்து கட்டில் விளிம்பில் தொங்கியது.

அவன் தன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டான். காலையில்தான் மடத்தில் மழித்துவிட்டிருந்தார்கள்.

கீழே தொலேதோ அரண்மனை முற்றத்தில் இன்னமும் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டாபிஷேகம். செத்துப்போன தகப்பனின் இடத்தில் தம்பி அர்கெமிர் உட்கார வேண்டும். அதற்குள் காய்ச்சல் வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

கோத்தியர் ராஜ்ஜியத்தில் முடி வளர்த்தவன்தான் அரசனாக முடியும். தலை மழித்தவன் கடவுளின் சொத்து. பிறகு அவனுக்குக் காடாக முடி முளைத்தாலும் கிரீடம் கிடையாது.

சாகப்போகிறவனுக்கும் மழித்துவிடுவார்கள். பாவமெல்லாம் முடியோடு போய்விடும், ஆத்மா நேரே சொர்க்கத்துக்குப் போகும். நல்ல ஏற்பாடுதான். மழித்த பிறகு ஆள் பிழைத்துக்கொண்டால்தான் தொல்லை.

அவன் பிழைத்துக்கொண்டவன்.

மூத்த மகன், பட்டத்துக்கு உரியவன். இருபது வயதில் இதே கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தான். பிஷப் முடியை வெட்டினார். மறுநாள் காலை அவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். கொடுத்தார்கள். கூடவே துறவியின் அங்கியையும் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து பெற்ற தாயான ராணியே அவனை "நீங்கள்" என்றாள்.

தம்பி குதிரையில் போகும்போது அந்த முடி காற்றில் பறப்பதைப் பார்த்தாலே அவனுக்கு வயிறு எரியும். பாவசங்கீர்த்தனத்தில் மற்ற எல்லாவற்றையும் சொல்வான், இதை மட்டும் சொல்லமாட்டான். சொன்னால் விட்டுவிட வேண்டியிருக்கும்.

"நேரமாகுதுடா," என்றாள் ராணி. தம்பியின் பாதங்களில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். "பாவத்தோட போயிடப் போறான். வெட்டிவிடு."

இத்தனை வருடம் கழித்து ஒரு "டா". அதுவும் தம்பிக்காக.

கட்டிலின் மறுபக்கம் நின்ற பிஷப்புக்கு வயதாகிவிட்டது, கை நடுங்கும். அதனால் கத்தரி அவன் மடியில் இருந்தது. நெற்றித் துணியும் அவன் பொறுப்புதான். காய்ச்சலில் கிடப்பவனுக்கு உடன்பிறந்தவர்தான் ஈரத்துணி போட வேண்டும், வேறு யாரும் அந்த நெற்றியைத் தொடக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். சூடு எப்படி என்று பிஷப் கேட்பார். துணி போடுகிறவர் சொல்வார். அதற்குப் பிறகுதான் கத்தரியை எடுப்பார்கள்.

அன்றைக்கு அவனுக்குத் துணி போட்டவன் அர்கெமிர். அப்போது பதினாறு வயது.

இப்போது அவன் தம்பியின் நெற்றித் துணியை எடுத்துவிட்டு உள்ளங்கையை வைத்தான்.

நெற்றி குளிர்ந்திருந்தது.

துணியின் ஈரமாக இருக்கும் என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். அங்கேயும் வேர்வை. காதோரமாக வழிந்து தலையணையை நனைத்துக்கொண்டிருந்தது. மூச்சுகூடச் சீராகிவிட்டது. காய்ச்சல் விட்டுவிட்டது. இந்த ஞாயிறு இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு, தம்பி அரசன்.

அவன் படுத்துக் கிடந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவன் காதுக்குள்ளும் வேர்வை இறங்கியது. உடம்பு குளிர்ந்தது. வாயைத் திறக்கத்தான் தெம்பில்லை. நெற்றியில் தம்பியின் கை இருந்தது. சுடுகிறதா என்று பிஷப் கேட்டதும், சுடுகிறது என்று தம்பி சொன்னதும் தெளிவாகக் காதில் விழுந்தன.

சின்னப் பையன், பயத்தில் அவன் கைக்கு என்ன தெரிந்திருக்கும்? மடத்தில் முழங்கால் தேயும்வரை இதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். ஒன்றும் அறியாத தம்பியின் மேல் பொறாமைப்படுகிறாயே, வெட்கமாக இல்லையா என்று தன்னையே வைதுகொண்டான்.

இப்போது கையை எடுத்துப் பார்த்தான். உள்ளங்கை நனைந்து, ஜன்னல் வெயிலில் மினுமினுத்தது.

இதைத் தொட்ட எந்தக் கைக்கும் தெரியாமல் போகாது.

அர்கெமிர் கண்ணைத் திறந்தான். அண்ணனைப் பார்த்தான். அவன் மடியிலிருந்த கத்தரியைப் பார்த்தான். உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

அவனுக்கும் தெம்பில்லை.

தம்பியும் இல்லையென்றால் கிரீடம் சித்தப்பாவுக்குப் போகும். வெளியே தாழ்வாரத்தில்தான் அவர் வருத்தமான முகத்தோடு உலவிக்கொண்டிருந்தார். போகட்டும்.

"சுடுகிறதா?" பிஷப் கேட்டார்.

அவன் உலர்ந்த துணி ஒன்றை எடுத்துத் தம்பியின் நெற்றியை ஒற்றினான். கழுத்தைத் துடைத்தான். முடியை மெல்ல ஒதுக்கிக் காதுக்குப் பின்னாலும் துடைத்தான். தலை நிமிர்த்திய ராணி அந்தப் பாசத்தைப் பார்த்து வாய்விட்டு அழுதாள்.

"சுடுகிறது," என்றான்.