அடுத்தவள் வீடு

லூசிமாரின் கட்டிலில், செருப்பைக்கூடக் கழற்றாமல், சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள் ஜுரேமா.

சுவருக்கு வெளியே இடிக்கும் எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. ரேடியோவில் ஓடிய சாம்பாப் பாட்டு அதில் முங்கிப்போயிற்று.

உள்ளே ஆள் இருந்தால் வீட்டை இடிக்க மாட்டார்கள். அந்த ஏரிக்கரையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

போன வருஷம் அவரவர் வீட்டில் அவரவர் உட்கார்ந்தார்கள். இடிக்க வந்த அதிகாரி, பதிலுக்குத் தருவதாக அடுக்குமாடிப் படத்தைக் காட்டினான். பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரித்தான். மதியத்துக்குள் பாதித் தெரு அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டது.

இந்த முறை பெண்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். யாரும் சொந்த வீட்டில் இருக்கக் கூடாது, மாற்றி உட்கார வேண்டும். அடுத்தவள் வீட்டை யாரால் எழுதிக் கொடுக்க முடியும்? கோர்ட்டுத் தடை வரும்வரை அசையாமல் இருந்தால் போதும்.

ஜுரேமாவுக்கு லூசிமாரின் வீடு விழுந்தது. லூசிமாருக்குத் தெருக்கோடியில் ஜுரேமாவின் வீடு.

அதே அதிகாரிதான் இன்றும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். படத்தை எடுக்கவில்லை, பேனாவையும் எடுக்கவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினான். பந்தாட்டத்தைப் பற்றிப் பேசினான்.

“ஏம்மா, உன் வீடா இது? இவ்வளவு ரோஷம் எதுக்கு?”

“என் வீடா இருந்தா எப்பவோ அழுதிருப்பேன் சார். வேணும்னா காபி தர்றேன், குடிச்சிட்டு வண்டியக் கெளப்புங்க.”

சிரித்தான். கையை உயர்த்தினான். எந்திரம் ஒரு சாண் முன்னால் வந்து, இரும்புக் கையை ஆட்டிக்கொண்டு அலறியது. சுவரைத் தொடவில்லை. அலறியது, அவ்வளவுதான். தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

ஜுரேமா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் எழவில்லை. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கதவு படாரென்று திறந்தது. லூசிமார்! தலை கலைந்து, மூச்சு வாங்க நின்றாள்.

“வீடு போயிடுச்சுன்னே நெனச்சேன்டி. அந்தச் சத்தம் அங்கவரைக்கும் கேட்டுச்சு. ஒரு எட்டு பாத்துட்டு ஓடிடலாம்னுதான்...”

சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு.

அவள் தடவிய இடமெல்லாம் வெள்ளையாய் விரல் பதிந்தது. மரவள்ளி மாவு. விடியற்காலையில் ஜுரேமா தன் அடுப்படியில் பிசைந்து மூடிவைத்துவிட்டு வந்த மாவு.

“நீ இங்க வந்துட்டியே... என் வீட்டுல யாருடி இருக்கா?”

ஜன்னலில் அதிகாரி இல்லை.

வெளியே எந்திரம் சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில், தெருக்கோடியில் இன்னொன்று உயிர்பெறுவது கேட்டது.