ரோஸ்லின் புட்டி

ஃபிலிம் கழுவும் மருந்தில் என்னென்ன சேர்க்கிறார் என்பதை ஸ்டுடியோ சவரிமுத்து மனைவி அமலிக்குக்கூடச் சொன்னதில்லை. போட்டிக்காரர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று புட்டிகளில் பெண்களின் பெயர்களை எழுதி ஒட்டியிருந்தார். அவர் இறந்த பிறகுதான் அமலி இருட்டறைக்குள் நுழைந்தாள். இரண்டு புட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு கெமிஸ்ட்ரி வாத்தியாரிடம் போனாள். ஒன்றில் ரோஸ்லின் என்றிருந்தது. அப்படி ஒருத்தியை அவளுக்குத் தெரியாது.

“இதுதாம்மா படத்தையே வெளிய கொண்டாரும்,” என்றார் வாத்தியார், ரோஸ்லின் புட்டியைத் திறந்து பார்த்து.

“அமலின்னு எழுதியிருக்கே சார், அது?”

“புரோமைடு. படம் வர்ற வேகத்தைப் புடிச்சு நிறுத்தும். இது இல்லேன்னா மொத்தப் படமும் கருத்துப் போயிரும்.”

“எவ்வளவு போடணும்?”

“ஒரு சிட்டிகை போதும்மா.”

திரும்பும்போது பேருந்தில் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டாள். ரோஸ்லின் அநேகமாகத் தீர்ந்துபோயிருந்தாள். அமலி கழுத்துவரை அப்படியே இருந்தாள்.