அம்மாவின் பிரெஞ்சு

அம்மா வானொலி கேட்டே பிரெஞ்சு கற்றவள்; நாட்டு எல்லையைத் தாண்டியதே இல்லை. அவளுக்கு அறுபது வயதானதும் மகள் நான்தான் அவளைக் கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துப் போனேன். பிரெஞ்சு பேசும் ஒரு பழைய துறைமுக நகரில் கப்பல் அரைநாள் நின்றது. கல் பதித்த தெருவில் ரொட்டிக் கடைக்காரியிடம் அம்மா மடை திறந்தாற்போலப் பேசினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“என்னம்மா கேக்குறாங்க?”

“போன வாரம் வாங்கின ரொட்டி எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாங்க. பிரமாதம்னு சொன்னேன்.”

“ஆள் மாத்தி நினைச்சுட்டாங்க போல” என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. யாரிடமும் வழி கேட்காமல் சந்து சந்தாகத் திரும்பி, ஒரு பச்சைக் கதவைத் தட்டினாள்.

மாடியிலிருந்து ஒரு குரல் பிரெஞ்சில் பதில் சொன்னது. அது என் குரல். எனக்கோ பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாது.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

“கேட்டியா? என் பொண்ணு எவ்வளவு அழகா பேசுறா!”