அரை ஜாண் உயரம்

"அரை ஜாண் உயரம் ஏறணும் தம்பி. அதுக்குக் குறையக் கூடாது."

அண்ணி இப்படிச் சொன்னதும் சின்னவனுக்குச் சுருக்கென்றது.

அவன் பேருந்துப் பணிமனையில் பிட்டர். லீவு போட்டு வந்து அண்ணனுடைய பழைய ஜீப்பை வீட்டு ஷெட்டிலேயே உயர்த்தித் தரும்படி போன் செய்தது அண்ணிதான். புது ஸ்பிரிங் பட்டைகள், நீளமான ஷாக் அப்சார்பர், போல்ட், நட்டு எல்லாவற்றையும் அவரே வரவழைத்துச் சுவரோரம் அடுக்கியிருந்தார்.

ஜீப்பை உயர்த்திப் பார்க்க வேண்டும் என்பது அண்ணனின் வாலிப வயசு ஆசை. வாஸ்தவம்தான். ஆனால் இப்போது அவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. இருக்கிற உயரத்திலேயே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துத்தான் ஏறுகிறார்.

அதை அவன் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தான். ஆசைப்பட்டது நடக்கட்டுமே என்று அண்ணி பேச்சை முடித்துவிட்டார்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினான். பழைய பட்டைகள் வளைவே இல்லாமல் படுத்துக் கிடந்தன. அவற்றைப் பிடித்திருந்த போல்டுகள் துருவேறி அசைய மறுத்தன. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, அதற்கும் மசியாதவற்றை ரம்பத்தால் அறுத்தான்.

அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். முகத்தில் அத்தனை சந்தோஷம். அந்த ஜீப்பில் மலையேறிய கதையை மறுபடி மறுபடி சொன்னார். சின்னவனும் மறுபடி மறுபடி சிரித்தான்.

சாப்பாட்டு வேளையில் அண்ணி அலமாரியிலிருந்து மூன்றாவது தட்டை எடுத்தார். தூசி படிந்திருந்தது. கழுவித் துடைத்து வைத்தார். அவர்களுடைய ஒரே மகன் கடல் தாண்டி இருக்கிறான். அந்த வீட்டில் வேறு யாராவது வந்து உட்கார்ந்து சாப்பிட்டு வெகுநாள் ஆகியிருக்கும் போல.

பாவமாக இருந்தது. ஆனாலும் அன்று மாலை சின்னவன் மனைவிக்குப் போன் போட்டுப் புலம்பினான். அவள் பட்டென்று சொல்லிவிட்டாள், அண்ணி இந்த வயசில் டிரைவிங் கற்றுக்கொண்டதிலிருந்தே தனக்குச் சந்தேகம்தானாம். ஜீப்பைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ள வழி பார்க்கிறாராம்.

சே, அப்படியெல்லாம் இருக்காது என்றான். இருந்தாலும் அந்த வார்த்தை மனசில் தைத்துக்கொண்டது.

மறுநாள் வேலை முடிந்தது. ஜாக்கியை இறக்கியதும் ஜீப் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஏறுவதற்கு வசதியாக டிரைவர் பக்கம் ஒரு படி வைத்துவிடலாம் என்று சின்னவன் ஒரு பழைய பைப்பை எடுத்து வைத்திருந்தான்.

"படி வேண்டாம் தம்பி" என்றார் அண்ணி.

"அப்புறம் அண்ணன் எப்படி ஏறுவாரு?"

"வேண்டாம்னா விட்டுடுங்க."

அதற்குள் அண்ணன் ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டார். உடம்பு மேலே போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை எம்பிப் பார்த்தார். தாங்கிப் பிடிக்க ஓடிய தம்பியை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். அண்ணி சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஓர் அடிகூட முன்னால் வரவில்லை.

அண்ணன் காலை இறக்கினார். கொஞ்ச நேரம் பானெட்டைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு சிரித்தார்.

"வண்டி திடமாத்தான்டா இருக்கு. ஓட்டறவன் முட்டிதான் முரண்டு பண்ணுது."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார். இனி நீயே ஓட்டு என்று சொல்லிவிட்டு மெல்ல உள்ளே போனார்.

சின்னவன் அண்ணி பக்கம் திரும்பினான்.

"கேட்டிருந்தா அண்ணனே குடுத்திருப்பாரே அண்ணி. அவரை இப்படி நிக்க வெச்சுத்தான் வாங்கணுமா?"

அண்ணி வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

போன மாசம் அண்ணன் ஷேவிங் பிளேடு வாங்க ஜீப்பில் போனாராம். இருட்டுகிற வரை வரவில்லை. பெட்ரோல் பங்கிலிருந்து யாரோ ஒருவர் போன் செய்திருக்கிறார். அண்ணி போனபோது அண்ணன் ஜீப்பில் உட்கார்ந்தபடி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தன் வீட்டுக்கு எப்படிப் போவது என்று விசாரித்துக்கொண்டிருந்தாராம்.

"என்னைப் பார்த்து, நீங்க யாரும்மான்னு கேட்டாரு தம்பி."

கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டாராம். நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. இனி இது கூடிக்கொண்டேதான் போகும், வண்டியைத் தொடவே விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகனுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

"எது நடந்தாலும் அவர்கிட்ட சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இதை யார்கிட்ட சொல்வேன்?"

சின்னவன் கையிலிருந்த பைப்பைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

"பேசாம சாவியை வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கலாமே அண்ணி?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சாவியைப் பிடுங்கினா ஏன்னு கேப்பாரு தம்பி. முட்டி பிடுங்கிக்கிட்டா கேக்க மாட்டாரு."