புகையில் கட்டிய கோல்

சாண எரிவாயு இன்ஜினியர் பிலிப் சந்தவாசலிலிருந்து மலையேறி வருவதைப் பார்த்ததும் அம்மாக்கண்ணுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

போன மாதம் அவர், கேஸ் ஓட்டத்தைக் கணக்கிடும் ஸ்லைடு ரூல் கோலை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்து, "சாணக் குழியிலேர்ந்து சமையல்கட்டு நூறடி. அரை அங்குலக் குழாய் போதும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். குழாய் போட வந்தவர்களிடம் மல்லுக்கட்டி, மாட்டுக்கொட்டாயிலேயே, குழிக்குப் பத்தடியில் அடுப்பை வைக்கச் செய்தவள் இவள்தான்.

கொட்டாயில் நீலமாக எரிந்த அடுப்பைப் பார்த்து பிலிப் அப்படியே நின்றுவிட்டார்.

"இத்த யாரு இங்க வெச்சது?"

"நான்தாங்க. வெதைச் சாமையை வூட்டு அடுப்புக்கு மேல கட்டித் தொங்க வுட்டிருக்கேன். வெறகுப் புகை படலைன்னா பூச்சி அரிச்சிடும். உங்க கேஸுல புகையே இல்லையேங்க. கோவிச்சுக்கினு எடுத்துட்டுப் போய்டாதீங்க சார்!"

பிலிப் கல்லில் தொப்பென்று உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுச் சிரித்தார்.

"எடுத்துட்டுப் போக வரலம்மா, மன்னிப்புக் கேக்க வந்தேன். கோலுல, பட்டணத்துல நிலக்கரியிலேர்ந்து எடுக்கற கேஸுக்கு உண்டான கோட்டுல வெச்சு கணக்குப் போட்டுட்டேன். சாண கேஸு அதைவிட கனம். அந்தக் குழாய்ல நூறடி போயிருந்தா களி கிண்டக்கூட எரியாது. பொதைச்ச குழாயைத் தோண்டச் சொல்லத்தான் ஓடியாந்தேன்."

அம்மாக்கண்ணுவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் சட்டைப்பையில் எட்டிப் பார்த்த கோலை நோக்கிக் கையை நீட்டினாள்.

"அத்தக் குடுங்க சார், அதுலயும் பூச்சி அரிச்சிருக்கும் போல. வெதையோட சேத்து ரெண்டு நாள் புகையில கட்டி வெக்கிறேன்."